மாமி பேரில் உயர்ந்த கை

இறக்காமம்
2025 ஓகஸ்ட் 24

ஸுல்பிகாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதம் கருவாட்டுப் பார்சலுக்குள் இருக்கும். கொழும்பு பஸ் கொண்டக்டர் முகம்மது தம்பியிடம் கொடுத்து விடுகிறேன். இனிப் போனில் கதைக்க மாட்டேன் என்று நான் சொன்னதைக் கோபம் என்று நினைக்காதே. கோபம்தான், ஆனால் அது மட்டும் இல்லை. போனில் நான் ஒன்றைச் சொல்லத் தொடங்கும்போதே நீ மூன்றைச் சொல்லி முடித்துவிடுகிறாய். கடிதம் என்றால் நான் முடிக்கும் வரை நீ குறுக்கே வர ஏலாது. கலியாணம் முடித்து மூன்று வருடத்தில் இந்த வசதி இப்போதுதான் எனக்குக் கிடைத்திருக்கிறது. கொஞ்சம் அனுபவிக்க விடு.

விசயத்துக்கு வருகிறேன். நேற்று அசர் தொழுதுவிட்டுச் சந்தித் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். சின்னப்போடி தன் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கடை முழுவதற்கும் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். உன் வகுப்பில் படிக்கிற நிந்தவூர் றிஷாட் பேஸ்புக்கில் போட்ட படம் அது. நீ மைக்கைப் பிடித்து நிற்கிறாய். பின்னால் திரையில் பெரிய எழுத்தில் இருக்கிறது: 'நாவலடி வயல்வட்டையில் காணி பெரும்பாலும் பெண்கள் பேரில். தண்ணீர்க் கூட்டத்தில் கை உயர்த்துவதோ கணவனும் மருமகனும். உதாரணம்: மாமியாரின் பேரில் மூன்று வருடமாகக் கை உயர்த்தும் ஒரு மருமகன். அந்த மாமியாரோடு அவர் ஒரு வார்த்தைகூடக் கதைத்ததில்லை.'

ஒரு மருமகனாம்! பேர் போடவில்லையாம்! எங்கள் வட்டையில் கொழும்பில் போய்ப் பொதுக்கொள்கை முதுமாணி படிக்கிற பெண்சாதி எத்தனை பேருக்கு இருக்கிறாள், சொல் பார்ப்போம்? சின்னப்போடி என்னைக் கண்டதும் எழும்பி நின்று கேட்டார்.

"என்ன ஜவுபர், மாமிட கை சுகமா இரிக்கா?"

கடையே சிரித்தது. சீனி போடாத தேத்தண்ணியை நான் கடைசிவரை குடித்து முடித்தேன். சீனி இல்லை என்பதே வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

மாமி மருமகனோடு நேரே கதைக்கக் கூடாது என்பது நான் கொண்டு வந்த வழக்கமா? நான் மருதமுனையிலிருந்து சாரனும் சேட்டுமாக உன் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன். நீ இருந்த வரைக்கும் நடுவில் நின்று அவ சொன்னதை எனக்கும், நான் சொன்னதை அவவுக்கும் சொன்னாய். நீ படிக்கப் போன நாளிலிருந்து உன் உம்மா பூனையோடு கதைக்கிறா. "பூன, சோறு ஆறுது. திங்கிறவங்க வந்து திங்கலாம்" என்று குசினிக்குள்ளிருந்து சத்தம் வரும். நானும் "பூன, இந்தா வாறன்" என்று பூனைக்குப் பதில் சொல்லிவிட்டுப் போய்ச் சாப்பிடுகிறேன். அந்தப் பூனைக்கு இப்போது ஆணவம் கூடிவிட்டது.

ஒக்டோபர் நாலாம் திகதி தண்ணீர்க் கூட்டம். அதில்தான் வட்டவிதானைத் தெரிவும். வாய்க்காலுக்கும் தண்ணீருக்கும் வட்டை முழுவதும் பொறுப்பான ஆள் அவர். சின்னப்போடியும் நானும் நிற்கிறோம் என்பது உனக்குத் தெரியும். எனக்கு ஏன் அந்தப் பதவி வேண்டும் என்று உனக்குச் சொன்னதில்லை. இந்த ஊரில் மூன்று வருடமாக நான் 'சபூறாட மருமகன்'. பள்ளிவாசலில், கடையில், வயலில், எல்லா இடத்திலும் அதுதான் என் பேர். விதானையானால் ஜவுபர் என்று கூப்பிடுவார்கள். அவ்வளவுதான் ஆசை.

அதனால் தயவுசெய்து உன் ஆய்வின் தலைப்பை மாற்று. யானை வேலியைப் பற்றி எழுது. யானை பேஸ்புக் பார்க்காது.

ஜவுபர்


கொழும்பு
2025 ஓகஸ்ட் 30

மச்சானுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

கருவாடு வந்தது. விடுதி முழுக்க மணம். என் அறையில் இருக்கிற பஸ்லியா முதலில் மூக்கைப் பொத்தினாள், பிறகு தட்டை நீட்டினாள்.

படத்தைப் பேஸ்புக்கில் போட்டதற்காக றிஷாடுக்கு நன்றாக ஏசிவிட்டேன். அவன் "ராத்தா, பெருமைக்குத்தானே போட்டன்" என்று நிற்கிறான். அந்த உதாரணத்தைச் சொன்னபோது மண்டபம் சிரித்தது, மச்சான். நானும் சேர்ந்து சிரித்தேன். விடுதிக்கு வந்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை. அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. ஆனால் திரையில் எழுதினதில் ஒரு சொல்லாவது பொய்யா என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் இங்கே வரும்போது "பொதுக்கொள்கை எண்டா என்ன புள்ள?" என்று கேட்டீர்கள். நான் பெரிய விளக்கம் கொடுத்தேன், நீங்கள் கொட்டாவி விட்டீர்கள். இப்போது சுருக்கமாகச் சொல்ல முடியும். ஒரு தீர்மானம் யாருடைய வயிற்றைத் தொடுகிறதோ, அந்த ஆள் தீர்மானம் எடுக்கிற அறையில் இருந்தாரா என்று கேட்பதுதான். இரண்டு தவணை வாசித்ததெல்லாம் இதைச் சுற்றித்தான்.

இப்போது எனக்கு வந்திருக்கிற சோதனையையும் கேளுங்கள். எங்கள் மேற்பார்வையாளர் மேடம் என் முன்மொழிவை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னா: காணிக்காரப் பெண்கள் கூட்டத்துக்கு வருவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அவர்கள் வந்தால் ஏதாவது மாறும் என்று காட்ட உன்னிடம் ஒரு சம்பவம்கூட இல்லை. ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் களத்திலிருந்து ஒன்றைக் கொண்டு வா, இல்லாவிட்டால் தலைப்பை மாற்று. தலைப்பை மாற்றினால் இன்னொரு தவணை வேண்டும். நான் வேலை செய்கிற கந்தோர் தந்த படிப்பு லீவு டிசம்பரோடு முடிகிறது. பிறகு பட்டம் இல்லாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு வர வேண்டியதுதான்.

ஆகவே நீங்கள் தலைப்பை மாற்று என்று இலேசாக எழுதியது எனக்கு இலேசாக இல்லை.

ஒன்று மட்டும் செய்யுங்கள். உம்மாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் காணிக்கு என்ன வேண்டும்? மூன்று வருடம் அவவின் பேரில் கையைத் தூக்கினீர்கள். ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா? பூனை வழியாகக் கேட்டாலும் பரவாயில்லை.

ஸுல்பிகா


இறக்காமம்
2025 செப்டெம்பர் 7

ஸுல்பிகா,

கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை உம்மா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. நான் வாசற்படியில் உட்கார்ந்து பூனையை மடியில் தூக்கி வைத்தேன். அதற்கே வெட்கமாக இருந்தது. தொண்டையைச் செருமிவிட்டு, "பூன, நம்மட நாவலடிக் காணிக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்டேன்.

திருவுகிற சத்தம் நின்றது. அவவுக்குக் கோபம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"பூன, காணி எண்ட பேருக்கு வந்து இவ்வளவு காலத்துக்கும் இண்டைக்குத்தான் ஒரு ஆள் கேக்காரு" என்றா. பிறகு மடை திறந்த மாதிரி வந்தது. "எங்கட காணி வாய்க்கால்ர கடசியில கெடக்கு. தலப்புல உள்ளவங்க குடிச்சி மிஞ்சினாத்தான் நமக்கு. மொதத் தண்ணிய கடசிக்கு உட்டுட்டு மறுகா மேல வரச் சொல்லு. கையத் தூக்கிறவங்க அதுக்குத் தூக்கட்டும்."

பூனை பாதியிலேயே இறங்கிப் போய்விட்டது. நான் போக ஏலாமல் இருந்தேன்.

இப்போது என் நிலைமையைக் கேள். வாய்க்கால் தலைப்பில், தண்ணீர் முதலில் வருகிற மேல்பக்கத்தில், காணி வைத்திருக்கிற ஆட்களிடம் நான் போன மாதமே வாக்குக் கொடுத்துவிட்டேன். நான் விதானையானால் முதல் தண்ணீர் உங்களுக்குத்தான் என்று. அவர்களின் கை இல்லாமல் சின்னப்போடியை வெல்ல ஏலாது. மாமியின் காணிக்கு வர வேண்டிய தண்ணீரை மாமியின் பேரிலேயே நின்று நான் மற்றவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். உன் மேடத்திடம் சொன்னால் எழுந்து நின்று கை தட்டுவா.

உன் கேள்வியால் மூன்று நாளாக எனக்கு நிம்மதி இல்லை. உம்மா சோறு போடும்போது பூனையைப் பார்க்கவே கூசுகிறது. சொல்கிறேன், புள்ள, இது படிப்பு இல்லை, கரைச்சல். தலைப்பை மாற்றிவிடு.

சட்டித் தயிர் அனுப்புகிறேன். முகம்மது தம்பி போன முறை பார்சலைச் சரித்து வைத்துவிட்டாராம், இந்த முறை மடியில் வைத்துக்கொண்டு வருவதாகச் சொல்கிறார். நம்பாதே.

ஜவுபர்


கொழும்பு
2025 செப்டெம்பர் 15

மச்சான்,

தயிர் பாதி பஸ்ஸில் போய்விட்டது. மீதி நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மேடத்தைச் சந்திக்கிறேன். யானை வேலி என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். யானை வேலியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதை யானை மிதித்துவிட்டுப் போகும் என்பதுதான். இன்னொரு தவணைக்கு லீவு தரமாட்டார்கள் என்பதும் தெரியும். பரவாயில்லை.

பஸ்லியா காரணம் கேட்டாள். அவளுக்குச் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். எனக்கு இடம் கிடைத்தபோது எங்கள் ஊரில் எத்தனை பேர் உங்களைக் கேலி செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். 'பொஞ்சாதியப் படிக்க அனுப்பிட்டு மாமிட சோத்தத் திண்டுக்கிட்டு இரிக்கான்' என்று சொன்னவர்கள் யார் என்பதுகூடத் தெரியும். நீங்கள் ஒருநாளும் அதை என்னிடம் சொல்லவில்லை. கடைசி நாளில் மழைக்குள் என் விண்ணப்பத்தை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கல்முனை வரை மோட்டார் சைக்கிளில் போனீர்கள். நீங்கள் நனைந்தீர்கள், அது நனையவில்லை. அப்படிப்பட்ட மனிசன் ஊரில் தன் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டால் அதைக் கெடுத்து எனக்கு ஒரு பட்டம் வேண்டாம்.

கோபம் இல்லை என்று எழுதிவிட்டு வெட்டினேன். கோபம் இருக்கிறது. உங்கள் மேல் இல்லை. சரி, கொஞ்சம் உங்கள் மேலும்தான்.

ஸுல்பிகா


இறக்காமம்
2025 செப்டெம்பர் 18

ஸுல்பிகா,

இது நாளைக் காலை உன் கையில் கிடைக்க வேண்டும் என்று முகம்மது தம்பியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

யானை வேலியைத் தொடாதே. நான் அந்த மழையில் நனைந்தது யானைக்காக இல்லை. உன் தலைப்பு உன்னிடமே இருக்கட்டும். ஆனால் நானும் தெரிவிலிருந்து விலக மாட்டேன். இரண்டு பேரும் நிற்போம், அல்லாஹ் விட்ட வழி.

உம்மா தேங்காய்ப்பாலில் தொதல் கிண்டினா. யாருக்கு என்று பூனையிடமும் சொல்லவில்லை. உனக்குத்தான் என்று நினைத்து அனுப்புகிறேன்.

ஜவுபர்


கொழும்பு
2025 செப்டெம்பர் 20

மச்சான்,

மேடத்தின் அறை வாசலில் நிற்கும்போது முகம்மது தம்பி வேர்த்து விறுவிறுக்க ஓடி வந்தார். பஸ்ஸை யாரிடம் விட்டுவிட்டு வந்தாரோ தெரியாது. நான் உள்ளே போகவே இல்லை.

தொதல் உங்களுக்குக் கிண்டினது. அது எனக்குப் பிடிக்காது என்று உம்மாவுக்குத் தெரியும். பரவாயில்லை, பஸ்லியா முடித்துவிட்டாள்.

ஸுல்பிகா


இறக்காமம்
2025 ஒக்டோபர் 5

ஸுல்பிகா,

நான் தோற்கவில்லை. வெல்லவும் இல்லை. என்ன நடந்தது என்று இன்னும் ஊருக்கே விளங்கவில்லை.

நேற்றுக் கூட்டத்துக்குப் பல்தேவைக் கட்டடம் நிறைந்து வழிந்தது. எல்லாம் ஆம்பிளைகள். நீர்ப்பாசனக் கந்தோர் உத்தியோகத்தர் வந்து ஸலவாத்துக்குப் பிறகு வட்டவிதானைத் தெரிவு என்று சொல்ல வாயெடுத்தார். சின்னப்போடி எழும்பினார். வெள்ளைச் சேட்டு, அத்தர் மணம், கையில் அந்தப் போன்.

"ஐயா, ஒரு கேள்வி. மாமிட காணிக்கு மருமகன் விதானையாக ஏலுமா? காணி யார்ர பேருல இரிக்கோ அவங்கதான் கை தூக்கணும், அவங்கதான் விதானையாகணும். விவசாயச் சங்கத்து விதி அப்படித்தானே? பதிவ எடுத்து வாசிங்க!"

உத்தியோகத்தர் விதியைப் பார்த்தார். ஓம், அப்படித்தான் இருக்கிறது என்றார். பதிவை எடுத்து, முதலாவது சபூறா என்று வாசித்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழும்பி வெளியே நடந்தேன். சின்னப்போடியின் ஆட்கள் சிரித்த சிரிப்பு வாசல் வரை வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

அடுத்தது ஸாலிஹா என்று வாசித்தார்.

"ஸாலிஹா வந்திருக்காவா?" என்று மறுபடியும் கேட்டார். ஒவ்வொரு தலையாகச் சின்னப்போடி பக்கம் திரும்பியது. அவர் கலியாணம் முடித்து இருபது வருடத்துக்கு மேல். சின்னப்போடியார் வயல், சின்னப்போடியார் வரம்பு என்று ஊர் சொல்லிச் சொல்லி, அது பெண்சாதியின் சீதனக் காணி என்பதை மனிசன் சுத்தமாக மறந்துவிட்டார். என்னைச் சீதனக்காரன் என்று காட்ட வந்தவர் தானும் எழும்பி வெளியே வந்தார்.

பிறகு நடந்தது பார்க்க வேண்டிய காட்சி, புள்ள. மூன்றாவது பேர், நாலாவது பேர் என்று ஒவ்வொரு பெண்ணின் பேராக வாசிக்க ஒவ்வொரு ஆம்பிளையாக வெளியே வந்தான். கடைசியில் உள்ளே உத்தியோகத்தரும், தகப்பன் வழியில் காணி கிடைத்த மூன்று கிழவர்களும்தான். வட்டை முழுக்க வேப்பமரத்துக்குக் கீழே நின்றது. சின்னப்போடி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஜவுபர், ஒண்ட பொஞ்சாதி என்ன படிப்புடா படிக்காள்?" என்று கேட்டார்.

பொதுக்கொள்கை என்றேன். அவருக்குக் கொட்டாவி வரவில்லை.

வருகிற சனிக்கிழமைக்குக் கூட்டம் ஒத்திவைத்தாயிற்று. காணி பேரில் உள்ளவர்கள் நேரே வர வேண்டும். நான் வீட்டுக்கு வந்து பூனையிடம் சொன்னேன். குசினியில் தேங்காய் திருவுகிற சத்தம்தான் கூடியது.

ஜவுபர்


கொழும்பு
2025 ஒக்டோபர் 8

மச்சான்,

உங்கள் கடிதத்தை மேடத்துக்கு வாசித்துக் காட்டினேன். கண் கலங்கின இடத்தை விட்டுவிட்டு வாசித்தேன். மேடம் சிரித்துச் சிரித்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினா. பிறகு அதைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "சனிக்கிழமை பெண்கள் வராவிட்டால்?" என்று கேட்டா.

எனக்கும் அதே பயம்தான். கூப்பிட்டும் வரவில்லை என்றால் என் ஆய்வு அத்தோடு முடிந்தது. அவர்களுக்கு விருப்பம் இல்லை என்று ஒரே வரியில் எழுதி மூடிவிடலாம். உம்மா ஆம்பிளைகள் கூடுகிற இடத்துக்குப் போனதே இல்லை. வாப்பா மௌத்தான பிறகு கந்தோருக்குக்கூட என்னைத்தான் அனுப்பினா. ஓடி வரலாம் என்றால் சனிக்கிழமை எனக்குப் பரீட்சை.

நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். பேச்சு எழுதிக் கொடுக்க வேண்டாம். போகச் சொல்ல வேண்டாம், போக வேண்டாம் என்றும் சொல்ல வேண்டாம். வாய்க்கால் தலைப்பு ஆட்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று உம்மாவைக் கெஞ்சவும் வேண்டாம். சும்மா இருங்கள், மச்சான். உங்களுக்கு அதுதான் கஷ்டம் என்று தெரியும்.

துஆச் செய்யுங்கள்.

ஸுல்பிகா


இறக்காமம்
2025 ஒக்டோபர் 12

என் ஸுல்பிகாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

சும்மாதான் இருந்தேன். அதற்கு எனக்கு ஒரு பட்டம் தர வேண்டும்.

நேற்றுக் காலை மோட்டார் சைக்கிளைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தால் வீட்டில் ஆள் இல்லை. சோறு மூடி வைத்திருக்கிறது, பூனை அடுப்படியில் நித்திரை. ஓடிப்போய்ப் பார்த்தேன். ரோட்டு முழுக்கப் பெண்கள். முன்னுக்கு உம்மாவும் ஸாலிஹாவும் ஒரே குடைக்குக் கீழே கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரிக் கதைத்துக்கொண்டு போகிறார்கள். உள்ளே இருந்த கதிரை போதாமல் பாய் விரித்தார்கள். எங்கள் ஆம்பிளைகள் எல்லோரும் யன்னலுக்கு வெளியே வெயிலில் நின்றோம்.

உத்தியோகத்தர் எந்தப் பக்கம் பார்த்துக் கதைப்பது என்று தெரியாமல் கடதாசியைப் பார்த்தே கதைத்தார். யாருக்காவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டு எழும்பினா. பூனைக்குச் சொன்ன அதே சொற்களைத்தான் சொன்னா, ஒன்று கூடவில்லை, குறையவில்லை. முதல் தண்ணீர் கடைசிக்கு.

வாய்க்கால் தலைப்பில் காணி உள்ள சித்தி லைலா எழும்பினா. போயிற்று, சண்டைதான் என்று நினைத்தேன். "ஒங்கட வயல் வாடினா நாங்க பாத்துக்கிட்டா இரிப்பம், சபூறா? இவ்வளவு நாளும் எங்கட ஆளுகள் இதச் சொல்லவே இல்லயே" என்றா. எங்கள் ஆளுகள் யன்னலில் நின்று கால்விரலைப் பார்த்தார்கள். நான் ஒரு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கிக் கொடுத்த வாக்கு, ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் இல்லாமல் போனது. எனக்கு ஆறுதலாக இருந்தது, ஸுல்பிகா. வேறு என்ன சொல்ல?

அடுத்தது விதானை. ஸாலிஹா எழும்பி, "எங்கட சபூறா ராத்தாவப் போடுங்க" என்றா. பாயில் இருந்த கை எல்லாம் உயர்ந்தது. யன்னலுக்கு வெளியே சின்னப்போடியின் கையும் பழக்கத்தில் உயர்ந்துவிட்டது. நான் பிடித்து இறக்கினேன். "ஒண்ட கையையும் எறக்குடா" என்று அவர் சொன்ன பிறகுதான் என் கை மேலே நிற்பதைப் பார்த்தேன்.

ஆக, இந்த வருடம் நாவலடி வட்டவிதானை உன் உம்மா. நான் விதானையின் மருமகன். அந்த ஆசை போனது என்று மரத்தில் சாய்ந்து நின்றேன். பொய் சொல்ல மாட்டேன், கவலையாகத்தான் இருந்தது.

கூட்டம் கலைந்து உம்மா வெளியே வந்தா. சங்கத்துப் பூட்டுக்கான திறப்பு கையில் இருந்தது. அன்றைக்கே வாய்க்கால் கட்டைப் போய்ப் பார்க்க வேண்டும், இரண்டு மைல் தூரம், வெயிலோ கொளுத்துகிறது. வாசலில் நின்று சுற்றிப் பார்த்தா. முதலில் கீழே பார்த்தா. பூனை இல்லை. அங்கே ஸாலிஹா நின்றா, சின்னப்போடி நின்றார், உத்தியோகத்தர் நின்றார், பாதி ஊர் நின்றது. யாரிடமாவது சொல்லி எனக்குச் சொல்ல வைத்திருக்கலாம். உம்மா நேரே என் முகத்தைப் பார்த்தா.

"ஜவுபர், மோட்டார் சைக்கிள எடு மனே. வாய்க்கால் கட்டப் பாக்கணும்."

ஊர் கேட்டது. சின்னப்போடியும் கேட்டார். நான் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தேன். இரண்டு உதையில் ஸ்டார்ட் ஆகிற வண்டி ஐந்து உதை வாங்கியது. வழி முழுக்க உம்மா பின்னால் இருந்து, இது யாருடைய வரம்பு, அது யாருடைய மடை என்று சொல்லிக்கொண்டே வந்தா.

உன் மேடத்துக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு, ஒன்றையும் விடாமல். பிறகு உன் ஆய்வில் அந்த மருமகனைப் பற்றி எழுதியிருக்கிறாயே, மாமியோடு ஒரு வார்த்தைகூடக் கதைத்ததில்லை என்று, அந்த வரியை வெட்டிவிடு. இந்தக் கடிதம் கிடைக்கிற அன்று இரவு எட்டு மணிக்குப் போன் எடுக்கிறேன். முதலில் உம்மா கதைப்பாவாம், என்னிடம்தான் சொன்னா.

ஜவுபர்